கழுவிய வேர்கள்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் காலை ஒன்பது மணி வெயிலில் பெட்டியோடு இறங்குகிறவன் லாட்ஜ் எங்கே என்று கேட்பான். நான் ஐஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். ஆட்டோக்காரருக்கு உதவ ஆசைதான். "மீனுக்கா, பொணத்துக்கா சார்? ரெண்டுக்கும் எடம் தெரியும்" என்றார். அது இல்லை, கை பட்டால் பொத்துப் போகிற அளவுக்குக் குளிர்ந்தது, உருகாமல் அப்படியே புகையாகப் போவது என்று விளக்கினேன். "அவ்ளோ ஜில்லுனு இன்னாத்துக்கு சார்?" வேருக்கு என்றேன். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். வெளிநாட்டில் நிறைய வருஷம் இருந்துவிட்டு வருகிறவர்களை விட்டுப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார் போல.

பதினோரு வருஷமாக நான் ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் பாக்டீரியா ஆராய்ச்சி செய்கிறேன். அங்கே பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானால் நிறுத்தத்தில் நிற்கிற கிழவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சாவி கொடுப்பார். அந்த ஊரிலிருந்து திண்டிவனம் பக்கத்து மல்லாட்டைச் செடியின் வேரைத் தேடி வந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அதன் வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். அந்த வேலைக்கு இரும்புச்சத்து நிறைய வேண்டும்.

இரும்பு கிடைக்காவிட்டால் என்ன செய்யும் என்பதுதான் என் பிழைப்பு. பாக்டீரியா தன் ஜீனிலிருந்து ஒரு நகல் எடுக்கும். அந்த நகலைப் பார்த்துப் புரதம் செய்யும். தட்டுப்பாடு வந்ததும் சின்ன ஆர்.என்.ஏ. ஒன்று கிளம்பும். நூறு, இருநூறு எழுத்து நீளம்தான். அதைப் படித்து எந்தப் புரதமும் செய்வதில்லை. இரும்பைத் தின்னும் புரதங்களில் எது இல்லாமல் சமாளிக்கலாமோ அதன் நகலில் போய் ஒட்டிக்கொண்டு, படிக்க விடாமல் செய்யும். ஜீனுக்கு ஒரு கீறல் விழாது. சேதி எழுதியாகிவிட்டது, ஆனால் யாரும் படிக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அரிசி குறைந்த நாட்களில் அம்மாவின் தட்டுத்தான் முதலில் காணாமல் போகும். யாரும் உத்தரவு போட்டதில்லை. அதுபோலத்தான் இதுவும்.

குடலில் வாழும் பாக்டீரியாவில் இப்படி ஒன்று இருப்பதை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். மல்லாட்டை வேரில் இருக்கும் பாக்டீரியாவிலும் ஒன்று இருக்கிறது என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். தொட்டியில் வளர்த்த செடியில் காட்டினேன். நிலத்தில் காட்டு என்றார்கள். "நிலத்தில் இல்லையென்றால் அது உன் தொட்டியின் பழக்கம்" என்றார் எங்கள் பேராசிரியர், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே. ஜூன் மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நிலத்துச் சான்று இருந்தால் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் பெருமுக்கல் பக்கத்தில் களை எடுக்கும் என் அக்கா செல்வி போனில், "இங்க மல்லாட்டை மஞ்ச அடிச்சிக் கெடக்குதுடா" என்றாள். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்கு ஏறாமல் வருகிற மஞ்சள் அது. விளைச்சல் போனால் கூலியும் போகுமே என்று அக்கா அழுதுகொண்டு சொன்ன செய்திக்கு நான் சந்தோஷப்பட்டேன். அவளுக்கு அது கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

விழுப்புரத்தில் லாட்ஜ் எடுத்தேன். திண்டிவனத்தில் லாட்ஜ் இல்லாமல் இல்லை. ஆனால் ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தங்கினால் அக்கா வீட்டில் படுக்காததற்குக் காரணம் தேட வேண்டாம். லாட்ஜுக்குக் கீழேயே மெஸ். சாம்பாரை ஊற்றிவிட்டு, "வெளியூரா?" என்று கேட்டார் பரிமாறியவர். "இந்த ஊர்தான்" என்றேன். இலையில் சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "செரி, செரி" என்று நகர்ந்தார்.

இரண்டாம் நாள் முழுக்கக் குளிருக்காக அலைந்தேன். பாக்டீரியாவின் சின்ன ஆர்.என்.ஏ. சில நிமிஷங்களில் மாறிவிடும். செடியைப் பிடுங்கின அரை நிமிஷத்துக்குள் வேரை உறைய வைத்தால்தான் நிலத்தில் இருந்தபடி அப்படியே கிடைக்கும். புதுச்சேரியில் பரிசோதனைக்கூடம் ஏற்பாடாகிவிட்டது, அனுமதிக் காகிதங்களும் கையில் இருந்தன, ஆனால் நிலத்துக்குக் கொண்டுபோகக் குளிர் மட்டும் இல்லை. அவர்கள் தருவதாகச் சொன்ன உருளை பழுதாகிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கேட்டேன், ஐஸ்கிரீம் கடையில் கேட்டேன். கடைசியில் திண்டிவனத்தில் ஒரு டீக்கடையில் புலம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து பெஞ்சில் இருந்தவர், "பொக பொகயா வருமே, அதுவா? எங்கிட்ட இருக்குது" என்றார்.

அவர் பெயர் தனசேகரன். வீடு வீடாகப் போய் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர். காளையின் விந்தைத் திரவ நைட்ரஜனில் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். அவருடைய பைக்கில் அலுமினியக் கேன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து காட்டினார். வெள்ளைப் புகை வழிந்து அவர் செருப்பின் மேல் இறங்கியது. பதினோரு வருஷத்தில் ஒரு பாத்திரத்தைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

"ஒரு கேனு உங்களுக்குத் தனியா ரொப்பிக் குடுக்கறேன். நாளைக்கிக் காலீல மட்டுந்தான் முடியும் சார். அப்பால எனக்கு மரக்காணம் லைன்" என்றார்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தேன். சுற்றுவட்டாரத்தில் மஞ்சள் அடித்த மல்லாட்டை நிலங்களுக்கெல்லாம் அன்னபேதி அடித்துவிட்டார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. இலையில் அடித்தால் செடி பச்சை பிடிக்கும், கூடவே என் சான்றும் போய்விடும். அக்கா வேலை செய்யும் ராஜவேலுவின் நிலத்தில் மட்டும் ஓடையோரம் ஒரு துண்டு பாக்கி இருந்தது. "நாளைக்கி அடிக்கறாரு. ஆளு சொல்லிட்டாரு" என்றாள். "ஏழு மணிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் அடிக்காம பாத்துக்க" என்றேன். எதற்கு என்று கேட்டாள். "அது பெரிய கதை, உனக்குப் புரியாது" என்றேன். பதினோரு வருஷமாக இதே பதில்தான். என்ன வேலை பார்க்கிறாய் என்று அவள் கேட்பதும், புரியாது என்று நான் சொல்வதும் எங்களுக்குள் நலம் விசாரிப்பு மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் ஆறே காலுக்கெல்லாம் திண்டிவனத்தில் தனசேகரனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். என் கேன் மடியில், அவர் கேன் பக்கவாட்டில். மரக்காணம் ரோட்டில் திரும்பிப் பாதி தூரம் போனதும் ஒரு பெண் ரோட்டுக்கு நடுவே வந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"அண்ணே, ராவுல இருந்து கத்துது. போய்டாதண்ணே."

கத்தியது அவளுடைய மாடு, சினைக்குத் தயாராகி. தனசேகரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கத்தற மாட்ட உட்டுட்டுப் போனா இன்னும் இருவத்தோரு நாளு ஆவும் சார். அந்தம்மாவுக்கு இருக்கறதே ஒரு மாடு." நான் என்ன சொல்ல முடியும்? "ஜல்தி முடிச்சிடுங்க" என்றேன். மாட்டுக்கு அவசரமில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் ஓடிவிட்டது. மூன்று பேர் துரத்தினோம், அதாவது இரண்டு பேர் துரத்தினார்கள், நான் கேனைக் கட்டிக்கொண்டு நடந்தேன். பிடித்து வந்து, கட்டி, வெந்நீர் வைத்து, ஊசி போட்டு முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம். அந்தப் பெண் ஒரு சொம்பில் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தாள். எரிச்சலோடு குடித்தேன். கூழ் நன்றாக இருந்தது, அது வேறு எரிச்சல். பைக்கில் ஏறும்போதுதான் போனைப் பார்த்தேன். அக்காவிடமிருந்து மூன்று அழைப்புகள்.

நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. ஓடையோரத் துண்டில் செடிகள் எல்லாம் நனைந்திருந்தன. மருந்து அடிக்கிறவர் காலி டேங்கை முதுகிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களின் வரிசையிலிருந்து அக்கா எழுந்து, சேற்றுக் கையோடு சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"பேஜாராப் பூட்ச்சிடா தம்பி. ஆளு வந்து நின்னுட்டான், நிறுத்த முடியல. ஒனக்குப் போன் போட்டுப் போட்டுப் பாத்தேன். மருந்து படறதுக்கு முன்னாடி நானே இருவது செடி பிடுங்கி வெச்சிட்டேன். ஐயாவைக் கேட்டுக்கினுதான் பிடுங்கனேன்."

என் உயிர் திரும்பி வந்தது. பிடுங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தாலும், மண்கட்டியோடு நிழலில் கிடந்தால் ஏதாவது தேறும். எங்கே என்றேன். மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். தொட்டி ஓரத்தில் ஈரத் துணி விரித்து அதன்மேல் இருபது செடிகளையும் அடுக்கி வைத்திருந்தாள். வேர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. முடிச்சுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு பொட்டு மண் இல்லை.

"இன்னா பண்ணி வெச்சிருக்கற?" என்றேன்.

"அலசி வெச்சேன். நாலு தண்ணி ஊத்தி."

செடியைப் பிடுங்கி, மோட்டார்த் தண்ணீரில் நாலு முறை அலசி, ஒரு மணி நேரம் வைத்தால் அந்த பாக்டீரியாவுக்குப் பிரளயமே வந்த மாதிரி. பழைய சேதிகளையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கும். இரும்புக்கு ஏங்கிய கதை அதில் இருக்காது, அக்கா அலசிய கதைதான் இருக்கும். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. கத்தினேன். "அறிவு இருக்கா உனக்கு? யாரு உன்னைக் கழுவச் சொன்னது? எல்லாம் போச்சு. மூணு வருஷம் போச்சு. எதுவுமே தெரியலைன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே?"

களைக்கொத்துச் சத்தம் நின்றுவிட்டது. அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையில் இருந்த வயதான அம்மாள் ஒருத்தி, எங்கள் தெருக்காரி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவளை ஏன்டா கத்தற? மண்ணோட எடுத்துக்கினு போனா உடுவாங்களா? மறந்துட்டியா நீ?"

மறந்துதான் போயிருந்தேன். ராஜவேலுவின் அப்பா காலத்திலிருந்து அந்த நிலத்தில் ஒரு விதி உண்டு. களைச் செடியோ, மாட்டுக்குப் புல்லோ, பறித்த பண்ணைக்கீரையோ, எதை வெளியே கொண்டுபோனாலும் வேரைத் தொட்டியில் அலசி மண்ணை அங்கேயே விட்டுவிட வேண்டும். கால்களையும் கழுவிவிட்டுத்தான் வரப்பேற வேண்டும். நிலத்துக்காரனின் மண் எங்கள் தெருவுக்குள் வந்தால் அவர்கள் வீட்டுச் சீர் போய்விடுமாம். எங்களுக்கோ கையகலம் நிலம் கிடையாது. சனி, ஞாயிறுகளில் அம்மாவோடு களை எடுக்கப் போய்விட்டு அதே தொட்டியில் நானும் கால் கழுவியிருக்கிறேன். பெருவிரல் இடுக்கில் மண் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பாள் அம்மா. உயிரணுவுக்குள் யார் யாரை எப்போது தடுக்கிறார்கள் என்று பாடம் நடத்துகிறவனுக்கு, இது நினைவில்லை.

சத்தம் கேட்டு ராஜவேலு வந்தார். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். "வாங்க தம்பி, எப்ப வந்தீங்க?" என்றார் என்னை. "இன்னா செல்வி, இன்னா ஆச்சி ஒனக்கு?" என்றார் அக்காவை. விஷயத்தைக் கேட்டதும் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"மண்ணோட வேணும்னு கேட்டிருந்தா ஒரு வண்டியே குடுத்திருப்பேனே தம்பி! அதெல்லாம் எங்கப்பா காலத்துல. நான் யாரையாவது கழுவச் சொல்லியிருக்கறனா, கேளுங்க?"

சொன்னதில்லையாம். பெண்களும் தலையாட்டினார்கள். கழுவ வேண்டாம் என்று சொன்னதுண்டா என்று கேட்டேன். "அதை எதுக்குத் தனியாச் சொல்லணும்?" என்றார். அவரோடு சண்டை போட ஒன்றுமில்லை. அவருடைய பயிருக்கு அவர் மருந்து அடித்தார். மனுஷன் கெட்டவனாக இருந்தாலாவது எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மத்தியானம் வரை விடவில்லை. தனசேகரன் மரக்காணம் லைனைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நாலைந்து ஊர்களுக்குக் கூட்டிப் போனார். எங்கு பார்த்தாலும் பச்சை, இல்லையென்றால் அன்னபேதி அடித்த மஞ்சள். இரண்டு மணிக்கு ஒரு புளிய மரத்தடியில் கேனைத் திறந்து பார்த்தோம். வெயிலில் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். "இன்னா பண்ணட்டும் சார்?" என்றார். ஊற்றிவிடுங்கள் என்றேன். தரையில் ஊற்றினார். புகை எங்கள் முழங்கால் வரை வந்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. போகும்போது மட்டும் சொன்னார்: "அக்காவைக் கத்தியிருக்க வேணாம் சார். அவங்க ஒருத்தங்கதான் டயத்துக்கு வேலை பாத்தது."

அன்றிரவு திண்டிவனத்திலேயே ஒரு லாட்ஜில் படுத்துவிட்டேன். நான்காம் நாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு அக்கா வந்துவிட்டாள். விழுப்புரம் வரை வந்து வழியனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றால் கேட்கிறவள் இல்லை. பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தாள். பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியது. முன் சீட்டில் யாரோ, "டிரைவர் தூங்கறாரு போல, ஒரு டீ வாங்கிக் குடுங்கப்பா" என்று கத்தினார்கள். ஜெர்மனியில் பஸ்ஸில் இவ்வளவு சத்தமாக ஒருவர் பேசினால் எல்லோரும் இறங்கிவிடுவார்கள்.

"அந்த வேர்ல இன்னாதான்டா இருக்குது?" என்றாள் அக்கா.

"அது உனக்குப்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டேன்.

சொன்னேன். வேர் முடிச்சுக்குள் இருக்கும் உயிரைப் பற்றி, இரும்பைப் பற்றி, ஜீனிலிருந்து எழுதும் சேதியைப் பற்றி, அதைப் படிக்க விடாமல் போய் ஒட்டிக்கொள்ளும் சின்னதைப் பற்றி. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பதினோரு வருஷமாக எது பெரிய கதையோ அது கூட்டேரிப்பட்டுக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் முடிந்துவிட்டது. அக்கா எங்கேயும் முழிக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை என்னைவிடக் கணக்கு நன்றாகப் போட்டவள் அவள். திண்டிவனத்துக்கு இரண்டு பேரை அனுப்பிப் படிக்க வைக்க முடியாது என்று ஆனபோது அவள் நின்றாள், நான் போனேன். அப்பா அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அவளுடைய பை ஆணியிலேயே தொங்கியது, அவ்வளவுதான்.

"தடுத்ததுக்கு அப்பால அந்தச் சேதி இன்னா ஆவும்?" என்றாள்.

"வெட்டறதுக்குன்னு ஒண்ணு இருக்குக்கா. அது வந்து வெட்டிப் போட்டுடும்."

"தடுத்துச்சே, அது?"

"அதுவும் கூடவே போய்டும். பெரும்பாலும் ரெண்டையும் சேத்துதான் வெட்டும்."

அக்கா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நல்லா இருக்குது" என்றாள். "நம்ப ஊட்ல ரெண்டும் அழியலியேடா. ரெண்டும் ஒரே சீட்ல ஒக்காந்துக்கினு விழுப்புரம் போவுது."

கோபத்தில் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினால் ஜன்னலும் அவள் கொடுத்தது. "நேத்து கத்தினதுக்கு மன்னிச்சிடுக்கா" என்றேன். "அத வுடு" என்றாள்.

விழுப்புரத்தில் டீ குடித்தோம். என் ரயிலுக்கு நேரம் இருந்தது, அவள் பஸ்ஸுக்கு இல்லை. போகிற பஸ்ஸின் படியில் ஒரு கால் வைத்தவள் இறங்கித் திரும்ப வந்தாள்.

"இப்பதான் வெளங்கிச்சி. அடுத்த தபா மண்ணோடவே வெக்கறேன். யாரு இன்னா சொன்னாலும் கழுவ மாட்டேன். நீ ஜில்லுக் கேன மட்டும் டயத்துக்குக் கொண்டுக்கினு வா."

சரிக்கா என்றேன். பஸ் கிளம்பிப் போனது. ஜூன் மாதத்தோடு என் வேலை முடிகிறது என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.